கூட்டம் திரும்பும் கணம்

2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10ஆம் தேதி, புதன்கிழமை மாலை, சயான் ஸ்டேஷனில் ஏறித் தாணேக்குத் திரும்பிக்கொண்டிருந்த என்னை, ஒரு காலை மட்டுமே ஊன்ற இடம் கொடுத்திருந்த அந்த ஸ்லோ லோக்கலின் இரண்டாம் வகுப்புப் பெட்டியில், வீட்டு நினைவைக் காட்டிலும் பலமாகப் பிடித்து வைத்திருந்தது, பக்கத்தில் நின்ற தாராவித் தமிழ் இளைஞர் ஒருவர் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்த போன். மழையால் முந்திய நாள் பாதியில் நின்று, அன்று மான்செஸ்டரில் தொடர்ந்து நடந்துகொண்டிருந்த உலகக் கோப்பை அரையிறுதியில், நியூஸிலாந்து வைத்த 240 ரன் இலக்கை நோக்கி, 92 ரன்னுக்கு 6 விக்கெட் என்று விழுந்துகிடந்த இந்தியாவை ஜடேஜாவும் தோனியும் தூக்கி நிறுத்தியிருந்தார்கள், ஜடேஜா போய்விட்டார், தோனி இருந்தார். நாற்பத்தொன்பதாவது ஓவரில், இரண்டாவது ரன்னுக்கு ஓடிய அவர் கோட்டைத் தொடுவதற்குள் கப்டிலின் எறி ஸ்டம்பைத் தொட்டுவிட்டது.

“போச்சு அண்ணாச்சி” என்றார் இளைஞர்.

“இன்னும் ரெண்டு விக்கெட் கெடக்குல்லா” என்றார் அவருக்குப் பின்னால் நின்ற பெரியவர், தமக்கே நம்பிக்கையில்லாத குரலில்.

இளைஞர் பதில் சொல்லவில்லை. அவருடைய கட்டைவிரல் போனின் அடியிலிருந்த ‘பின்செல்’ அம்புக்குறியைத் தட்டியது; ஆட்டம் மறைந்து, ஹாட்ஸ்டார் என்னும் நேரலைச் செயலியின் முகப்புப் பக்கம் தோன்றியது; அதையும் ஒரு நிமிஷம் வெறித்துப் பார்த்துவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த ஒரு தட்டலில் ஒரு விசேஷமும் எனக்குத் தெரியவில்லை. அந்த ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே சமயத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதும், அதுவரை உலகில் எந்த இணைய நேரலைக்கும் அவ்வளவு பேர் ஒருசேரக் கூடியதில்லை என்பதும், தோனி வெளியேறியதும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த இளைஞரைப் போலவே அம்புக்குறியைத் தட்டினார்கள் என்பதும், மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் பிற்பாடு பொதுமேடைகளில் விவரித்தபோதுதான் தெரியவந்தது. அத்தனை ஜனங்களைத் தாங்கிய சாமர்த்தியத்தைவிட, அத்தனை ஜனங்களும் ஒருசேரத் திரும்பிய கணத்தைத் தாங்கிய சாமர்த்தியமே பெரிது என்பது என் அபிப்பிராயம். அதற்குக் காரணம் சொல்வதற்கு, அந்தத் துறையில் நாள்தோறும் புழங்கும் சில சொற்களை முதலில் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்.

‘சர்வர்’ என்ற சொல் நமக்குப் புதிதன்று. கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே, தோளில் துண்டும் கையில் நாலு டம்ளருமாக நம் ஹோட்டல்களில் நடமாடியவர் அவர்தாம். கேட்டதைக் கொண்டுவந்து வைப்பவர் எவரோ அவர் சர்வர். தூரத்திலிருக்கும் போன் ஒன்று ‘இந்தப் பக்கத்தைக் கொடு’ என்று கேட்க, அதைக் கொண்டுவந்து வைக்கும் யந்திரமும் அந்தக் காரணத்தாலேயே சர்வர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து உடுப்பி ஹோட்டல்களுக்குப் போனவர்கள், அங்கே இன்னொரு மனிதரையும் பார்த்திருப்பார்கள்: வாசலில் கையில் ஒரு சிறு நோட்டுடன் நின்று, வருகிறவர்களின் பெயரையும் தலைக்கணக்கையும் எழுதிக்கொண்டு, உள்ளே எந்த மேஜை ஒழிந்தது, எந்த சர்வர் சும்மா நிற்கிறார் என்று எட்டிப் பார்த்து, ‘நாலு பேர், உள்ளே, இடது பக்கம்’ என்று அனுப்புகிறவர். அவர் இட்லி சுடுவதில்லை, காப்பி கலப்பதில்லை, ஆயினும் அவர் அரைமணி நேரம் எங்காவது போய்விட்டால், ஒரு மூலையில் பத்துப் பேர் ஒரே சர்வரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, இன்னொரு மூலையில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். கம்ப்யூட்டர் உலகில் அந்த வாசற்காரருடைய உத்தியோகத்தைப் பார்ப்பதுதான் ‘லோட் பேலன்சர்’. தமிழில் பாரம் பங்கிடுவோன் எனலாம்.

வெளியுலகத்துக்கு ஹோட்டலின் பெயர் ஒன்றுதான் தெரியும். உள்ளே எத்தனை சர்வர்கள், அவர்களில் இன்று லீவு போட்டவர் யார் என்பதெல்லாம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அதுபோல், ஆயிரம் சர்வர்களுக்கும் பொதுவாக வெளியே காட்டப்படும் ஒரே முகவரிக்கு ‘வர்ச்சுவல் ஐ.பி.’ என்று பெயர். அந்த முகவரியில் இன்ன கதவில் வருகிறவர்களை வரவேற்பேன் என்று காத்திருக்கும் அங்கம் ‘லிஸ்னர்’. கதவுகளுக்கு எண்கள் உண்டு. பூட்டிட்ட, அதாவது மறைகுறியாக்கப்பட்ட வலைப்போக்குவரத்துக்கு 443 என்பது உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட கதவெண். உள்ளே வேலைக்குத் தயாராக நிற்கும் சர்வர்களின் தொகுதிக்கு ‘பூல்’ என்று பெயர். இந்த மூன்று சொற்களை வைத்துக்கொண்டால் வாசல், கதவு, உள்ளிருப்போர் என்ற சித்திரம் பூர்த்தியாகிவிடுகிறது. இனி, எவரை எவரிடம் அனுப்புவது என்ற நியாயம்.

மிக எளிய நியாயம் ‘ரவுண்ட் ராபின்’: முதலில் வந்தவர் முதல் சர்வருக்கு, அடுத்தவர் அடுத்தவருக்கு, கடைசி சர்வர் வரை போய் மறுபடியும் முதல்வரிடம். சர்வர்களில் ஒருவர் இருபது வயது வாலிபர், இன்னொருவர் ஓய்வு பெறும் வயதை எட்டியவர் என்றால், வாலிபருக்கு மூன்று, முதியவருக்கு ஒன்று என்று விகிதம் வைக்கலாம். அது ‘வெயிட்டட் ரவுண்ட் ராபின்’. ஆனால் ஒரு மேஜையில் ஒரு காப்பி குடித்துவிட்டு எழுந்து போகிறார்கள், இன்னொரு மேஜையில் இட்லியில் தொடங்கி அல்வா வரை ஊர்க்கதை பேசிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். தலைக்கணக்கு சமமாக இருந்தும் பாரம் சமமாக இருப்பதில்லை. ஆகவே, இந்த நிமிஷத்தில் யார் கையில் குறைந்த மேஜைகள் இருக்கின்றனவோ அவரிடம் அனுப்பு என்பது ‘லீஸ்ட் கனெக்ஷன்ஸ்’ என்னும் மூன்றாவது நியாயம்.

இந்த மூன்றாவது நியாயம் மிக உத்தமமானதாகத் தோன்றினும், அதற்குள் ஒரு வஞ்சனை ஒளிந்திருக்கிறது. சர்வர் ஒருவருக்கு ஏதோ கோளாறு. எது கேட்டாலும் ‘இல்லை’ என்று உடனே சொல்லி அனுப்பிவிடுகிறார். மற்றவர்கள் ஒரு மேஜைக்கு அரைமணி எடுத்துக்கொள்ள, இவர் மேஜை அரை நிமிஷத்தில் ஒழிந்துவிடுகிறது. வாசற்காரர் பார்க்கிறார்: ‘இவர்தாம் எப்போதும் சும்மா நிற்கிறார்’ என்று மேலும் மேலும் ஆட்களை அவரிடமே அனுப்புகிறார். நல்ல சர்வர்கள் ஒன்பது பேர் இருந்தும், வருகிறவர்களில் பெரும்பாலோர் பட்டினியோடு திரும்புகிறார்கள். வேகமாக வரும் பதிலெல்லாம் நல்ல பதில் ஆகாது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட பாடம் இது.

கூட்டமும் காத்திருப்பும் கணிதத்துக்கு உட்பட்டவை என்று முதன்முதலில் காட்டியவர்களில் முக்கியமானவர் டென்மார்க் தேசத்து ஏர்லாங்; கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த அவர் 1909இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் வரிசைக் கணிதம் என்னும் சாஸ்திரம் வளர்ந்தது. அந்தச் சாஸ்திரத்தில் 1990களில் கண்ட ஒரு முடிவு மிகவும் ரசமானது. ஆயிரக்கணக்கான சர்வர்களையும் ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்ப்பது வாசற்காரருக்குச் சாத்தியமில்லை. கண்ணை மூடிக்கொண்டு எவரையாவது தொட்டால் சிலரிடம் பாரம் குவிந்துவிடும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இருவரைத் தொட்டு, கண்ணைத் திறந்து, அவ்விருவருள் பாரம் குறைந்தவரிடம் அனுப்பினால், எல்லாரையும் பார்த்து அனுப்பியதற்குக் கிட்டத்தட்ட நெருங்கிய பலன் கிடைத்துவிடுகிறது. ஒருவரைப் பார்ப்பதற்கும் இருவரைப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் மலையளவு; இருவருக்கும் மூவருக்கும் உள்ள வித்தியாசம் கடுகளவு.

அடுத்து, ‘ஹெல்த் செக்’. லோட் பேலன்சர் சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு சர்வரையும் ‘இருக்கிறாயா?’ என்று கேட்கிறது. இரண்டு மூன்று முறை தொடர்ந்து பதில் வராவிட்டால் அவரைப் பூலிலிருந்து விலக்குகிறது. மறுபடியும் சில முறை ஒழுங்காகப் பதில் வந்தால் சேர்த்துக்கொள்கிறது. ஒரே முறை தவறியதற்காக விலக்குவதில்லை. ஒருமுறை இருமியவரையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் பரிமாற ஆள் இராது. ஆனால் ‘இருக்கிறேன்’ என்று சொல்பவர் நின்றுகொண்டு மட்டும் இருக்கலாம். அவருக்குப் பின்னால் சமையற்கட்டில் மாவு தீர்ந்திருக்கலாம். ஆகையால் சமையற்கட்டு வரை போய்ப் பார்த்து வந்து சொல்லும்படியும் ஏற்பாடு செய்வதுண்டு. அதிலும் ஓர் ஆபத்து: எல்லா சர்வர்களுக்கும் சமையற்கட்டு ஒன்றே என்றால், அங்கே ஒரு நிமிஷம் அடுப்பு அணைந்ததும் எல்லாரும் ஒருசேர ‘முடியாது’ என்பார்கள், வாசற்காரர் எல்லாரையும் விலக்கிவிட்டு வெறும் ஹோட்டலுக்குக் காவல் நிற்பார். அனுபவசாலிகள் அமைத்த லோட் பேலன்சர்கள், எல்லாருமே வியாதியஸ்தர்கள் என்று தெரியவரும்போது சர்வர்களைச் சந்தேகிப்பதை விட்டுத் தங்கள் சோதனையையே சந்தேகித்து, பழையபடி எல்லாருக்கும் அனுப்பத் தொடங்குகின்றன.

வேலை நேரம் முடியப்போகிற சர்வருக்குப் புது மேஜை கொடுப்பதில்லை. கையிலிருப்பதை முடித்துக்கொண்டு போகச் சொல்கிறார்கள். இதற்கு ‘டிரெய்னிங்’, அதாவது வடியவிடுதல் என்று பெயர். தாணேவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஞாயிறுதோறும் வரும் மெகா பிளாக் அதுதான். பாஸ்ட் லைனில் பழுது பார்க்க வேண்டுமானால் அதில் புதிதாக வண்டி விடாமல், ஓடிக்கொண்டிருப்பவை போய்ச் சேர்ந்தபின் தண்டவாளத்தை ஒழித்துக்கொண்டு, அதுவரை பாஸ்ட் வண்டிகளை ஸ்லோ லைனுக்குத் திருப்புகிறார்கள். 2024 மே 31 முதல் 63 மணி நேரம் தாணேயின் 5, 6ஆம் பிளாட்பாரங்களை அகலப்படுத்தியபோது, வண்டிகளை மட்டும் குறைத்தால் போதாது என்று கண்ட மத்திய ரயில்வே, ஊழியர்களைக் கூடுமானால் வீட்டிலிருந்தே வேலை செய்ய விடும்படி ஆபீஸ்களுக்கு வேண்டுகோள் விடுத்தது. தாங்கும் சக்தி குறையும் வேளையில் வரும் பாரத்தையே குறைத்துக்கொள்ளும் இந்த உபாயத்துக்கும் கம்ப்யூட்டர் உலகில் பெயர் உண்டு: ‘லோட் ஷெட்டிங்’. சில சமயம் திரையில் 503 என்ற எண்ணுடன், சேவை தற்போது இல்லை என்று வருகிறதே, அதுவே அதன் முகம். பத்துப் பேரையும் பாதிப் பட்டினி போடுவதைவிட எட்டுப் பேருக்கு வயிறார இட்டு, இருவரைப் பிறகு வரச் சொல்வது மேல் என்ற நீதி அதற்குள் இருக்கிறது.

லோட் பேலன்சர்களில் இரு ஜாதி உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தாணேயிலிருந்து காலையில் புறப்படும் டப்பாவாலா, மூடியின் மேல் எழுதியுள்ள குறியீட்டை மட்டும் பார்த்து, எந்த ஸ்டேஷன், எந்தக் கட்டிடம், எத்தனையாவது மாடி என்று அறிந்து டப்பாவைப் பிரித்து அனுப்புகிறார்; உள்ளே இருப்பது சாம்பாரா தாலா என்று பார்ப்பதில்லை. முகவரியையும் கதவெண்ணையும் மட்டும் பார்த்துத் திருப்பும் ஜாதி இதுபோன்றது. அதனை ‘நாலாம் அடுக்கு’ என்கிறார்கள். அதற்கு வேகம் அதிகம், அறிவு கொஞ்சம். டப்பாவைத் திறந்து பார்த்து, ‘இது வீடியோ கேட்கிறது, அந்தப் பக்கம், இது பணம் கட்ட வந்தது, இந்தப் பக்கம்’ என்று பிரிக்கும் ஜாதி ‘ஏழாம் அடுக்கு’. திறக்க வேண்டுமானால் பூட்டைத் திறக்கும் சாவி அதன் கையில் இருக்க வேண்டும். பூட்டு அங்கேயே திறக்கப்படுவதை ‘டி.எல்.எஸ். டெர்மினேஷன்’ என்பார்கள். போன தடவை சர்க்கரை இல்லாத காப்பி கேட்டவரை, அதை நினைவில் வைத்திருக்கும் அதே சர்வரிடம் மறுபடியும் அனுப்பும் ‘ஸ்டிக்கி செஷன்’ என்னும் சலுகையை, வந்தவரின் கையில் ‘குக்கி’ என்னும் அடையாளச் சீட்டைக் கொடுத்து நடத்துவதும் பெரும்பாலும் இந்த ஏழாம் அடுக்குதான்.

இனி அந்த ஜூலை மாலைக்குத் திரும்பலாம். இரண்டரைக் கோடிப் பேர் ஒரே ஆட்டத்தைப் பார்ப்பது, எண்ணிக்கையைக் கேட்டால் மலைப்பாக இருந்தாலும், பங்கிடுவோனுக்கு ஒரு வகையில் சௌகரியமான காரியம். எல்லாரும் கேட்பது ஒன்றையே. ஆகவே அந்தப் படத்தைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஊருக்கு ஊர் வைத்திருக்கும் நகல் கிடங்குகளிலிருந்து, அவரவருக்கு அருகிலிருப்பதை எடுத்துக் கொடுத்துவிடலாம். கல்யாணப் பந்தியில் ஒரே சாம்பாரை ஆயிரம் இலைக்கு ஊற்றுவது போன்றது. இந்தக் கிடங்கு வலைக்கு ‘சி.டி.என்.’ என்று பெயர். முகப்புப் பக்கமோ ஆளுக்கு ஆள் வேறு: இவருக்குத் தமிழ்ப் படம், அவருக்கு மராத்தித் தொடர், இவர் நேற்று பாதியில் விட்டது, அவர் சந்தா கட்டினாரா என்பது என, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அந்த நேரத்தில் சமைத்துப் போட வேண்டியது. தோனி ஆட்டமிழந்ததும், ஒரே சாம்பார் பந்தியில் இருந்த கூட்டம் எழுந்து, நொடிப்பொழுதில் ஹோட்டல் வாசலில் வந்து நின்று, ஆளுக்கொரு பண்டம் கேட்டது. ஆட்டம் பார்ப்போர் எண்ணிக்கை சரசரவென்று சரிந்துகொண்டிருந்த அந்த நிமிஷங்களில்தான், வேறொரு பக்கத்தில் பாரம் செங்குத்தாக ஏறிற்று. எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன் கூட்டம் குறைகிறதே என்று யந்திரங்களை அணைத்திருப்பான், அணைத்திருந்தால் கெட்டிருப்பான்.

பாரம் ஏறினால் சர்வர்களைக் கூட்டுவதற்கு இரு வழி. ஒன்பது பெட்டி வண்டியைப் பன்னிரண்டாக்கி, 2012 முதல் மத்திய ரயில்வேயில் பதினைந்தாகவும் ஓட்டுகிறார்களே, அதுபோல் உள்ள யந்திரத்தையே பெரிதாக்குவது ஒன்று. வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது மற்றொன்று. முதலாவதற்குப் பிளாட்பாரத்தின் நீளம் எல்லை. ஆகவே பெரிய சேவைகளெல்லாம் இரண்டாவதையே நம்புகின்றன. பாரத்துக்கேற்பத் தானாகவே யந்திரங்களைக் கூட்டிக் குறைக்கும் ‘ஆட்டோ ஸ்கேலிங்’ என்னும் வசதி இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் புது சர்வர் கண் விழித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்கச் சில நிமிஷங்கள் ஆகும். தோனியின் ஸ்டம்பில் பந்து படுவதற்கும் கோடி விரல்கள் அம்புக்குறியில் படுவதற்கும் இடையில் சில விநாடிகள்தாம். ஆதலால் ஹாட்ஸ்டார் பொறியாளர்கள் தானியங்கி முறையை நம்பி இராமல், இத்தனை லட்சம் பேர் வந்தால் இத்தனை சர்வர்கள் என்று ஏணிப்படி போல முன்கூட்டியே கணக்கு வைத்து, கூட்டம் ஒரு படி ஏறுவதற்குள் தாங்கள் அடுத்த படியில் நின்றார்கள். லோட் பேலன்சர்களையும் ஆட்டத்துக்கு முன்பே சூடேற்றி வைத்தார்கள். அப்படியும் நெருக்கடி வந்தால், ‘உங்களுக்குப் பிடிக்கக்கூடியவை’ என்பன போன்ற அலங்காரங்களை அணைத்துவிட்டு, ஆட்டம் ஒன்றை மட்டுமாவது காப்பாற்றும் ஏற்பாட்டையும் வைத்திருந்தார்கள்.

வாசற்காரரே மயங்கி விழுந்தால்? அவருக்கு ஒரு மாற்றாள் நிற்க வேண்டும், முன்னவரின் மூச்சை அவர் இடைவிடாமல் கவனித்துக்கொண்டிருந்து, நின்றதும் அதே இடத்தில் அதே பெயரோடு நிற்க வேண்டும், இதுவே ‘ஃபெயிலோவர்’. கட்டிடத்துக்கே ஆபத்து வந்தாலும் தப்பும்படி, சர்வர்களை மின்சாரமும் குளிர்ச்சியும் தனித்தனியே உள்ள வெவ்வேறு வளாகங்களில் வைக்கிறார்கள். அமேசான் 2016இல் மும்பையில் தன் மேகக்கணினி மண்டலத்தைத் திறந்தபோது அத்தகைய வளாகத் தொகுதிகள் இரண்டோடு திறந்தது. தாணே கழிமுகத்துக்கு அக்கரையில், ஐரோலியிலிருந்து பேலாப்பூர் சாலை நெடுக, ஒரு காலத்தில் ரசாயன ஆலைகளுக்குப் பேர்போன பிரதேசத்தில், ஜன்னலில்லாத தரவு மையங்கள் எழும்பியிருப்பதை டிரான்ஸ் ஹார்பர் லைனில் போகிறவர்கள் பார்க்கலாம்.

1853 ஏப்ரல் 16ஆம் தேதி, சாஹிப், சிந்து, சுல்தான் என்ற மூன்று எஞ்சின்கள் பதினான்கு பெட்டிகளையும் சுமார் 400 விருந்தினரையும் இழுத்துக்கொண்டு போரி பந்தரிலிருந்து 34 கிலோமீட்டர் வந்து சேர்ந்த ஊர் எங்கள் தாணே. அன்று இறங்கியவர்களுக்குப் பாரம் பங்கிடுவோன் எவரும் தேவைப்பட்டிருக்கமாட்டார். அந்த ஜூலை மாலையிலோ, எங்கள் ஸ்லோ லோக்கல் வந்து நின்ற அதே சமயத்தில் பக்கத்தில் பாஸ்ட் வண்டி ஒன்றும் வந்து நின்றது. பெட்டிக்குள் இருக்கும்வரை ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி யாருக்கும் தீங்கில்லாமல் வந்த ஜனங்கள், இரண்டு வண்டியிலிருந்தும் இறங்கி ஒரே மாடிப்படியை நோக்கித் திரும்பினார்கள். அண்ணாச்சி இளைஞரின் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். “அந்தப் படி வேண்டாம்லே, பின்னால ஒரு பாலம் கெடக்கு. நாலு எட்டு கூட நடந்தா ஒண்ணும் ஆயிடாது” என்று சொல்லி, கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்தார். நானும் அவர் பின்னாலேயே போனேன்.